படியில் இரண்டு வெள்ளை

களக்காட்டில் சந்தனமாரியம்மன் கோயில் தெருவில், டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன் வீட்டு வாசலில், ஒரு நாள் விடிந்து பார்த்தால் பச்சை நிறத்தில் இடுப்புயரக் குப்பைத்தொட்டி ஒன்று நின்றது, காலால் மிதித்தால் மூடி திறந்தது, காலை எடுத்தால் மூடிக்கொண்டது, பக்கவாட்டில் இங்கிலீஷில் விர்ஜீனியா என்று எழுதியிருந்தது. யார் கொண்டுவந்து வைத்தது என்று எங்கள் தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒரு சாமான் வந்தால் அதை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் எங்களுக்கு முதலில் தோன்றும். எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் அதைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, எலி தொடாது என்று சொல்லி உள்ளே நெல்லைக் கொட்டி மூடிவிட்டாள்.

வாத்தியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் வாட்டர் கலர் போடுவார், அதிலும் அமெரிக்காவின் பழைய சரித்திரக் கட்டடங்களை மட்டும்தான் போடுவார். மிஷன் பள்ளிக்கூடத்து அலமாரியில் எப்போதோ கிடைத்த ஓர் அமெரிக்கக் காலண்டர் அவரைப் பிடித்துக்கொண்டது, பேய் பிடித்தால்கூட வேப்பிலை அடித்து இறக்கலாம், இது இறங்கவே இல்லை. அங்கே ஊர் ஊராக இருக்கும் சரித்திரச் சங்கங்களுக்கு எழுதி போட்டோ வாங்குவார், அதைப் பார்த்துப் படம் போட்டு அவர்களுக்கே அனுப்பிவிடுவார், அவர்களும் சந்தோஷமாகச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள். மெயின் மாநிலத்துக் கலங்கரை விளக்கத்துக்கு எந்தப் பக்கம் விரிசல், விர்ஜீனியாவில் ஹாலோவே என்ற சின்ன ஊரின் பழைய கோர்ட்டுக்கு எத்தனை ஜன்னல், அந்த ஜன்னலுக்கு எத்தனை கம்பி, எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நம்மூர் ரேஷன் கடையை எந்தத் தெருவுக்கு மாற்றினார்கள் என்று கேட்டால் முழிப்பார். இத்தனையையும் அவர் சொல்வது அவர் பெண்டாட்டி உலகம்மாளிடம்தான். அவள் அரிவாள்மணையில் காய் அரிந்துகொண்டே "ம்" என்பாள். கல்யாணமானதிலிருந்து அமெரிக்கச் சரித்திரம் முழுவதற்கும் அவள் சொன்ன பதில் அந்த ஒரு "ம்" மட்டும்தான்.

அமெரிக்காவை ஒரு தரம் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது, அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. விசா கேட்டுச் சென்னைக்குப் போனார். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு ஹாலோவே கோர்ட்டின் ஜன்னல்களை எண்ணப் போகிறேன் என்றார். சரி, திரும்பி வருவீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே? மனுசன் பொய் சொல்ல மாட்டார். யோசிக்கணும் என்று சொல்லிவிட்டு, கவுண்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நிஜமாகவே யோசித்தார், அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூடப் போன மச்சினன் இதை ஊருக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான், உலகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

குப்பைத்தொட்டிக்குப் பின்னால் சாமான்கள் வந்தபடியே இருந்தன. வாத்தியாருக்கு ஒரு கொள்கை உண்டு: சரித்திரத்துக்கு நடுவில் சில்லறைச் சாமான் எதுவும் நிற்கக்கூடாது. போட்டோவில் குப்பைத்தொட்டி இருந்தாலும், கரண்டு கம்பம் இருந்தாலும், பஸ் நின்றாலும், படத்தில் அதையெல்லாம் போடாமல் விட்டுவிடுவார். அப்படி விட்டது எதுவோ, படம் காய்ந்ததும் அது எங்கள் தெருவுக்கு வந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவள் உலகம்மாள். ஒரு கையில் போட்டோ, ஒரு கையில் படம் என்று பிடித்துக்கொண்டு, இதில் இருப்பது அதில் இல்லை, அதில் இல்லாதது நம் வாசலில் நிற்கிறது என்று அவள் சொன்னபோது, வாத்தியார் அப்படியா என்று கேட்டுவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார். எதனால் இப்படி நடக்கிறது என்று பேசிப் பார்த்ததில், படத்துக்கு உலகம்மாள் பிடித்துவைக்கும் தெருக்குழாய்த் தண்ணிதான் காரணம் என்று பாதிப் பேர் சொன்னார்கள், மீதிப் பேருக்கு வேறு வேலை இருந்தது.

வந்த சாமான் ஒன்றுகூட எங்கள் தெருவில் வீணாகவில்லை. காசு போட்டால் மணி ஓடும் பார்க்கிங் கம்பத்தில் ஆட்டைக் கட்டினோம். நீளமான டூரிஸ்ட் பஸ் ஒன்று ஆளில்லாமல் வந்தது, ஸ்டியரிங் தப்பான பக்கம் இருந்ததால் யாரும் ஓட்டவில்லை, பால்வாடிப் பிள்ளைகளை அதில் ஏற்றி ஏசியில் தூங்கவைத்தோம். பிளாஸ்டிக் கக்கூஸ் ஒன்று வந்தபோது பஞ்சாயத்துத் தலைவர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்து, தன் விடாமுயற்சியால் கிடைத்தது என்று கல்வெட்டும் வைத்தார். ஒரு மரபெஞ்சில், இந்த இடத்தைப் பிரியமாகப் பார்த்துக்கொண்டிருந்த மார்கரெட்டின் நினைவாக என்று பித்தளைத் தகடு அடித்திருந்தது. இறந்துபோன ஒரு மனுசியின் மேல் சும்மா உட்காருவதா என்று எங்களுக்கு மனசு கேட்கவில்லை, ஆடி அமாவாசைக்கு மார்கரெட்டுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணியும் விட்டோம், காக்காய்க்குச் சோறு வைத்தோம், அதற்குப் பிறகு நிம்மதியாக உட்கார்ந்தோம்.

அமெரிக்காவில் என்ன சொன்னார்கள் என்றால், உங்கள் படம் வந்த நேரம் எங்கள் இடமும் படம் மாதிரியே சுத்தமாகிவிட்டது என்று பாராட்டி எழுதினார்கள். ஒரே ஒரு கலங்கரை விளக்கத்தார் மட்டும், கம்பம் போனதில் எங்களுக்குக் கரண்டு இல்லை என்று வருத்தப்பட்டார்கள். வாத்தியார் பாவம் பார்த்து, கம்பத்தைச் சேர்த்து வேறு படம் போட்டார், காய்ந்ததும் எங்கள் தெருவில் நின்ற கம்பம் போய்விட்டது, அதில் பேச்சியம்மாள் காயப்போட்டிருந்த அரக்குச் சேலையும் கூடவே போய்விட்டது. அவர்கள் அனுப்பிய அடுத்த போட்டோவில் பார்த்தால் கடலுக்கு மேலே கம்பத்து உச்சியில் சேலை பறக்கிறது. போடாமல் விட்டால் இங்கே வரும், போட்டால் அங்கே போகும், தொட்டுக்கொண்டிருப்பதும் கூடவே போகும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பேச்சியம்மாள் அந்தச் சேலைக்காக வாத்தியாரை இன்றுவரை ஏசுகிறாள்.

இப்படி இருக்கையில்தான் வாத்தியார், தன் உயிரான ஹாலோவே கோர்ட்டைப் பெரிய சைஸில் போட உட்கார்ந்தார். போட்டோவில் படியில் ஒரு கிழவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியார் பழக்கதோஷத்தில் அவரையும் விட்டுவிட்டார். கடைசி ஈரம் காய்ந்ததும் அந்தக் கிழவர் நாற்காலி, பிளாஸ்க், இடுப்பில் ஒரு கொத்துச் சாவி சகிதம் பால்வாடி பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தலை, வெள்ளைச் சட்டை, கறுத்த நல்ல முகம். பேர் மெல்வின் என்றார். தூத்துக்குடிப் பக்கம் எங்களுக்குத் தெரிந்தே ஏழெட்டு மெல்வின் உண்டு என்பதால் யாரும் அவரை வெளியாளாக நினைக்கவில்லை, எந்தச் சர்ச் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காபி கொடுத்தார்கள். அவர் கோர்ட்டைச் சுற்றிக் காட்டும் கைடு. சும்மா உட்காரத் தெரியாத மனுசர், மறுநாளே மாரியம்மன் கோயில் வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கையை நீட்டி நீட்டி இங்கிலீஷில் விளக்கம் சொன்னார், எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் சாமி கும்பிடப் போனார்கள்.

ஆனாலும் அந்தச் சாவிக்கொத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோர்ட்டுச் சாவி தன்னிடம் இருக்கிறது, அங்கே கதவைத் திறக்க ஆளில்லை, வீட்டில் ரூத் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பாள் என்று வாத்தியாரிடம் சொன்னார். வாத்தியார் துடித்துப் போனார். ஹாலோவே கோர்ட்டு தன்னால் பூட்டிக் கிடக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. உடனே மெல்வின் சாரைச் சேர்த்துப் புதுப் படம் போட உட்கார்ந்தார்.

பழைய படத்திலேயே கிழவரைச் சேர்த்துவிடக்கூடாதா என்று நாங்கள் கேட்டோம். அது நடக்காது. வாட்டர் கலரில் வெள்ளைக்கென்று பெயிண்ட் கிடையாது, வெள்ளை வேண்டுமென்றால் அந்த இடத்தில் கலர் படாமல் பேப்பரை விட்டுவைக்க வேண்டும், ஒரு தரம் செங்கல் கலர் ஏறிவிட்டால் ஏறியதுதான். அதனால் வெள்ளைத் தலைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் முதலிலேயே இடம் விட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். இது உலகம்மாளுக்கும் தெரியும். கூடவே குடித்தனம் நடத்தியவள் அல்லவா.

காபி கொண்டுவந்து வைத்தவள் படத்தைப் பார்த்தாள். சுவருக்கு முதல் கலர் ஓடியிருந்தது. படியில் ஆள் அகலத்துக்கு ஒரு வெள்ளை விட்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் வேட்டி அகலத்துக்கு இன்னொரு வெள்ளையும் இருந்தது.

"ரெண்டாவது வெள்ளை யாருக்கு?" என்று கேட்டாள்.

வாத்தியார் பிரஷ்ஷைத் தண்ணிக்குள் விட்டு ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"திரும்பி வருவியளான்னு கேட்டதுக்கு யோசிக்கணும்னு சொன்னியளாமே. இப்ப யோசிச்சாச்சா?"

"நீ ஒரு படம் போட்டு என்னைய விட்டுரு. நான் தன்னால வந்துருவேன்" என்றார் அவர்.

தனக்கு வரையத் தெரியாது என்று அவள் சொன்னாள். வரையாமல் விடத்தானே வேணும், அதுக்கு என்ன தெரியணும் என்றார் அவர். அடுத்த வெள்ளிக்கிழமை என்று ஏற்பாடு. அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் வைத்த குழம்பில் உப்பு இல்லை, வாத்தியார் அதைக் கவனிக்காமலே சாப்பிட்டு எழுந்தார்.

தெருவில் ஒருத்தர் வெளியூர் போனால் வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. ஏத்தங்காய் சிப்ஸ், கூழ்வத்தல், நார்த்தங்காய் ஊறுகாய், கருப்பட்டி, ரூத் அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை என்று ஆளாளுக்குப் பையைக் கொண்டுவந்து வாத்தியார் கையில் மாட்டினார்கள், மெல்வின் சார் கழுத்தில்கூட ஒரு பை தொங்கியது. மழைக்காலம், படம் காயவே இல்லை, நாங்கள் சுற்றி நின்று நெல் புடைக்கும் சுளகால் வீசினோம். உலகம்மாள் மட்டும் வீசவில்லை. வீட்டுக்குள்ளே யார் செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள்? செருப்பு பாட்டுக்கு வாசலில் கிடந்தது, இரண்டு கையிலும் பை இருந்ததால் பிரஷ்ஷும் தண்ணிக் குவளையும் தரையிலேயே கிடந்தன. கடைசி ஈரம் காய்ந்தது. வேட்டி சட்டையோடும் கை நிறையப் பையோடும் வெறுங்காலோடும் ஆவுடையப்பன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

போய்ச் சேர்ந்ததை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். ஹாலோவே கோர்ட்டு வாசலில் ஒரு கேமரா உண்டு, அதில் தெரிவதை எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம், நயினார் தன் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் அதைப் போட்டுவிட்டான். நமக்குச் சாயங்காலம் ஆனால் அங்கே காலை. தெருவே கடைமுன் கூடி நின்று பார்க்கும். படி மேலே வாத்தியார் மெல்வின் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், படத்தில் தனக்குத் தலையைக் கொஞ்சம் கறுப்பாகப் போட்டிருக்கிறார் போல, தலைமுடி கருகருவென்று இருந்தது, தொப்பையும் இல்லை. வருகிற டூரிஸ்டுகளுக்கு ஜன்னல் ஜன்னலாகக் காட்டி விளக்கம் சொன்னார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

உலகம்மாளும் ஓரமாக நின்று அதைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, அவள் பிரஷ்ஷைத் தொடவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போனது. என்ன மதினி, அண்ணாச்சியை அங்கேயே விட்டுவிடுவதாக உத்தேசமா என்று பேச்சியம்மாள் கேட்டதற்கு, யோசிக்கட்டும், நல்லா யோசிக்கட்டும், யோசிக்க நேரம் கேட்டவியதானே என்று சொல்லிவிட்டு வாசலைக் கூட்டினாள். கூட்டும்போது அந்தச் செருப்பை எடுத்து ஒதுக்கி வைப்பாள், கூட்டி முடித்ததும் இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பாள்.

ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டரில் பார்த்தால் கோர்ட்டுப் படியெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. வாத்தியார் மேலே யாரோ கொடுத்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கீழே வெறுங்காலோடு, இடதுகாலைத் தூக்கி வலதுகாலில் தேய்த்து, பிறகு வலதுகாலைத் தூக்கி இடதுகாலில் தேய்த்துக்கொண்டு நின்றார். பூட்ஸ் கொடுத்துப் பார்த்திருப்பார்கள், இவருக்குத்தான் தோல் செருப்பு தவிர எதுவும் சேராதே. டூரிஸ்டுகளுக்கு விளக்கம் சொல்வதை நடுவில் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் யாரையோ திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை, மறுபடி காலைத் தேய்த்தார்.

"அவியளுக்குக் கால் குளிருது" என்றாள் உலகம்மாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பேப்பரை விரித்தாள், குழாய்த் தண்ணியைக் குவளையில் ஊற்றினாள், பிரஷ்ஷை எடுத்தாள். மேலே ஆகாயத்துக்கு நீலம் தடவினாள், அது வந்தது. கீழே புல்லுக்குப் பச்சை தடவினாள், அதுவும் வந்தது. கோர்ட்டைப் போடப் பென்சிலை எடுத்தவள் அதைப் பேப்பருக்கு மேலேயே நிறுத்தினாள். வரைவது எல்லாம் அங்கேயே நின்றுவிடும். தனக்கோ தூணும் மனுசனும் ஒன்றுபோலத்தான் வரும். தூண் என்று நினைத்து ஒரு கோடு போட, அது அவியளைப் போல அமைந்துவிட்டால்? ஜன்னல் என்று ஒரு கட்டம் போட, அதற்குப் பின்னால் அவிய நின்றிருந்தால்? ஒரு புள்ளிகூட வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே, தனியாக உட்கார்ந்து சுளகால் வீசினாள்.

காய்ந்தது. தெருவில் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. அம்மன் கோயில் கொடை நடக்கும் பொட்டலில், ஒரு பக்கத் தூண் பேச்சியம்மாள் மாட்டுத் தொழுவத்தை உரசினாற்போல, ஹாலோவே கோர்ட்டு முழுசாக வந்து நின்றது, கூரையில் பனி, கூரைக்குமேல் மணிக்கூண்டு, அதில் அமெரிக்கக் காலை மணி, படியில் மெல்வின் சார், அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த ரூத் அம்மா, கேமராவும் கையுமாக ஒரு கூட்டம் டூரிஸ்டுகள், எல்லோருக்கும் நடுவில் கறுத்த தலையும் வெறுங்காலுமாக ஆவுடையப்பன். மெல்வின் சார் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மணி ஆகிவிட்டது என்று சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். எங்கள் ஆட்கள் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே போனார்கள்.

உலகம்மாள் அந்த ஜோடிச் செருப்பைக் கொண்டுவந்து அவர் கால்முன்னால் போட்டாள். இன்னொரு கையில் படம் இருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்தார், மேலே நீலம், கீழே பச்சை, அவ்வளவுதான்.

"என்ன இது, ஒண்ணையுமே போடலியே?"

"எல்லாத்தையும் விட்டாத்தான் நீங்க வருவியள்னு நிச்சயமா இருந்துச்சு" என்றாள். "யோசிச்சாச்சா?"

அவர் ஒரு செருப்பை மாட்டினார். பிறகு, "பின்பக்கம் ஒரு ஜன்னல் இருக்கு உலகம்மா. போட்டோவுல தெரியாது. இத்தனை வருசமா நான் தப்பா எண்ணிட்டு இருந்திருக்கேன். அதைப் பாத்ததும் உன்கிட்ட சொல்லணும்னு திரும்புனேன். நீ இல்ல" என்றார்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தார்.

கோர்ட்டை உடனே அனுப்ப நாங்கள் விடவில்லை. பேச்சியம்மாள் மகளுக்குக் கல்யாணம் வைத்து மண்டபம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள். நீதிபதி மேடையில் மணவறை போட்டோம், குற்றவாளிக் கூண்டில் மாப்பிள்ளையின் மாமன்மாரை உட்காரவைத்தோம், ரூத் அம்மா சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு பந்தியில் அப்பளம் போட்டாள், டூரிஸ்டுகள் வாழையிலையை போட்டோ எடுத்தார்கள். தாலி கட்டும்போது கூரைப் பனி உருகி மணமக்கள் மேல் சொட்டியது, அதை நல்ல சகுனம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

கல்யாணம் முடிந்ததும் வாத்தியார் புதுப் பேப்பரில் உட்கார்ந்தார். இந்த முறை எதையும் விடவில்லை, தூண், மணிக்கூண்டு, பஸ், பார்க்கிங் கம்பம், பேச்சியம்மாள் நெல்லை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்துப் பச்சைத் தொட்டி, டூரிஸ்டுகள் ஒவ்வொருத்தராக எல்லாவற்றையும் போட்டார். மார்கரெட்டின் பெஞ்சு மட்டும் எங்கள் தெருவிலேயே இருந்துவிட்டது, திதி கொடுத்துவிட்ட பிறகு அனுப்புவது முறையில்லை என்று தெருவே ஒரு முகமாகச் சொல்லிவிட்டது.

உலகம்மாள் காபியோடு வந்தவள் அப்படியே நின்றாள். படியில் இரண்டு வெள்ளை இருந்தது.

"ரெண்டாவது வெள்ளை யாருக்கு?"

"ரூத் அம்மாவுக்கு. அவளுக்கும் தலை நரைதானே" என்றார் அவர்.

அவள் நம்பிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனாலும் நகரவில்லை. அந்த இரண்டாவது வெள்ளைக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வந்து, காதில் கம்மல் வந்து, கீழே சுங்குடிக் கரை வந்து சேரும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு சுளகை எடுத்து, எங்கள் எல்லோரையும்விட வேகமாக வீசினாள். கோர்ட்டு போனது, பொட்டலில் பனித்தண்ணி தேங்கி நின்றது, மாடு அதைக் குடித்தது.

அன்று சாயங்காலம் அவள் அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பின்பக்கத்து ஜன்னலைப் பற்றி ஆரம்பித்தார், சட்டம் ஓக் மரம், வெயில் படாததால் பெயிண்ட் இன்னும் பழைய பச்சையாகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வழக்கமான "ம்" வருவதற்காக நிறுத்தினார்.

"அதுக்கு எத்தனை கம்பி?" என்று கேட்டாள் உலகம்மாள்.